எஞ்சியது எண்ணெய்

1897இல் கனடாவின் நிலவியல் ஆய்வுத் துறை, அத்தாபாஸ்கா ஆற்றங்கரையில் பெலிக்கன் ரேப்பிட்ஸ் என்னும் இடத்தில் எண்ணெய் தேடித் துளையிட்டது. தேடியதற்குக் காரணம் இருந்தது. அங்கிருந்து ஆற்றோடு வடக்கே போனால் கரைப் பாறைகளில் கறுப்பாகத் தார் கசிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தப் பகுதியின் கிரீ, டெனே மக்கள் அதை மரப்பிசினோடு கலந்து தங்கள் படகுகளின் இடுக்குகளில் பூசிவந்தார்கள். 1719இல் வா-பா-சு என்ற கிரீ மனிதர் அதில் கொஞ்சம் எடுத்துப்போய் ஹட்சன் பே கம்பெனியின் யார்க் கோட்டையில் காட்டியிருக்கிறார். மேலே இத்தனை கசிகிறதென்றால் அடியில் எவ்வளவு பெரிய எண்ணெய்த் தேக்கம் இருக்கும் என்பதுதான் துளையிட்டவர்களின் ஊகம். எண்ணெய் வரவில்லை. எரிவாயு பீறிட்டது. அடக்க வழியில்லாமல் 1918 வரை, 21 ஆண்டுகள், அது பாட்டுக்குச் சீறிக்கொண்டிருந்தது.

அடியில் தேக்கம் என்று எதுவும் இல்லை. கசிந்துகொண்டிருந்த மணலேதான் தேக்கம். எண்ணெய் எங்கே என்ற கேள்விக்கு அன்றைக்கே விடை கிடைத்துவிட்டது எனலாம். அந்த மணலில் எவ்வளவு எண்ணெய் என்ற கேள்விதான் இன்றுவரை ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

மக்மரே படிவம் என்று இந்த மணல் அடுக்குக்குப் பெயர். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பாதியில், ஆறுகளும் கழிமுகங்களும் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. மணற்கல் என்று நாம் மரியாதைக்குச் சொன்னாலும், மணிகளை ஒட்டவைக்கும் சிமென்ட் அதில் பெரும்பாலும் கிடையாது. தாரைக் கழுவி எடுத்துவிட்டால் உதிரி மணலாகக் கையில் சரியும். அதில் வந்து தங்கிய எண்ணெய் ஆரம்பத்தில் இலகுவான எண்ணெய்தான். ஆழம் குறைந்த, குளிர்ந்த இடம் என்பதால் நுண்ணுயிர்கள் அங்கே வாழ முடிந்தது. எண்ணெயின் லேசான பகுதிகளை அவை காலங்காலமாகத் தின்று தீர்த்தன. தின்ன முடியாத பாரமான மிச்சம்தான் பிட்டுமென். நிலத்துக்குள் அது இருக்கும் பத்து டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் பாகுநிலை பல இடங்களில் பத்து லட்சம் சென்டிபாய்ஸைத் தாண்டும். தண்ணீருக்கு அந்த அளவு ஒன்று சொச்சம். அடர்த்தியோ தண்ணீரை ஒட்டியே இருக்கிறது, சில இடங்களில் நூலிழை கூடுதல். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரப்போகும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தின் பங்கை நுண்துளைமை என்கிறோம். மக்மரே மணலில் அது மொத்தக் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வெற்றிடத்தில் எண்ணெய் பிடித்திருக்கும் பங்குதான் எண்ணெய்ச் செறிவு. மீதியில் தண்ணீர், சில இடங்களில் கொஞ்சம் வாயு. வாயு இல்லாத இடத்தில் எண்ணெய்ச் செறிவையும் நீர்ச் செறிவையும் கூட்டினால் நூறு வர வேண்டும். ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்றது கழித்தலில் கிடைக்கும். இந்தத் துறையில் எண்ணெயை நேரடியாக அளப்பவர்கள் குறைவு. தண்ணீரை அளந்து, நூறிலிருந்து கழித்து, எஞ்சியதை எண்ணெய் என்று எழுதிக்கொள்கிறார்கள். அதனால் எண்ணெய்க் கணக்கு எத்தனை நம்பகமானது என்று கேட்டால், தண்ணீரைப் பற்றி நமக்கு எத்தனை தெரியுமோ அத்தனை என்பதே நேர்மையான பதில்.

மணலைக் கையில் எடுத்து அளக்கும் வழியை முதலில் பார்த்துவிடலாம். துளையிடும் குழாயின் நுனியில் வட்டமான வெட்டுத்தலையைப் பொருத்தி, பாறையை நீண்ட உருளையாக அறுத்து மேலே கொண்டுவருவார்கள். இந்த உருளைக்குக் கோர் என்று பெயர். உதிரி மணல் என்பதால் பிளாஸ்டிக் உறைக்குள் பிடித்து, உடனே உறையவைத்து, ஆய்வகத்தில் உறைந்த நிலையிலேயே நெடுக்காக அறுக்கிறார்கள். அதிலிருந்து எடுத்த துண்டைக் காகிதக் கூட்டில் வைத்து, கீழே டொலுயீனைக் கொதிக்கவிட வேண்டும். டொலுயீன் ஆவி துண்டிலுள்ள தண்ணீரையும் ஆவியாக்கித் தன்னோடு மேலே இழுத்துச் செல்லும். குளிர்விப்பானில் இரண்டும் திரவமாகி, கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் விழும். தண்ணீர் கனமானதால் அடியில் பிரிந்து நிற்கும். டொலுயீன் வழிந்து மறுபடி துண்டின் மேல் சொட்டிப் பிட்டுமெனைக் கரைத்துக்கொண்டு இறங்கும். கடைசியில் கூட்டில் வெறும் மணல். 1920இல் அமெரிக்கச் சுரங்கத் துறையில் டீன், ஸ்டார்க் என்ற இருவர், எண்ணெயில் கலந்த தண்ணீரை அளப்பதற்காகச் செய்த கருவி இது. நூறாண்டு கடந்தும் இதை மிஞ்சி ஒன்று வரவில்லை. பிட்டுமென், தண்ணீர், மணல் மூன்றும் தனித்தனி எடையாகக் கையில் கிடைக்கின்றன என்பதே காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு கிராம் துண்டில் பிட்டுமென் 12 கிராம், தண்ணீர் 4 கிராம், மணல் 84 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிட்டுமெனின் கன அளவு ஏறக்குறைய 12 கன சென்டிமீட்டர், தண்ணீர் 4. வெற்றிடம் முழுக்க இவை இரண்டும்தான் என்றால் மொத்தம் 16; எண்ணெய்ச் செறிவு 75%. குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65 என்பதால் மணல் பிடித்த இடம் 32 அளவில் வரும். நுண்துளைமை மூன்றில் ஒன்று. கணக்கு ஒத்துப்போகிறது. சுரங்கக்காரர்கள் செறிவைப் பற்றிப் பேசுவதில்லை, எடைவீதம்தான் பேசுவார்கள். 12% என்றால் அவர்கள் முகம் மலரும். ஆல்பர்ட்டாவின் விதிப்படி 7 எடைவீதத்துக்கும் மூன்று மீட்டர் கனத்துக்கும் குறையாத மணல்தான் வெட்டத்தக்க தாதுக் கணக்கில் வரும். 7 எடைவீதம் என்பது இதே மணலில் 44% எண்ணெய்ச் செறிவு. அதாவது, வெட்டலாமா விடலாமா என்று தீர்மானிக்கும் எல்லைக்கோட்டில் துளைகளில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது.

கோர் அளவீடு பிசகே இல்லாததா? இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுக்க ஒரே சூட்டில் வெந்திருந்தால் சரி. இங்கே ஒரு முழ தூரத்துக்குள் நல்ல மணலும் களிமண்ணும் மாறி மாறி வருகின்றன. சோதனைக்குத் துண்டு எடுப்பவர் கையும் கண்ணும் கறுப்பு மணலை நோக்கியே போகும். சேற்றுத் துண்டைப் பொறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. உடைந்து நழுவிப்போன பகுதிகளுக்குக் கோரே கிடையாது. இன்னொரு சிக்கல், மேலே வரும்போது நடப்பது. நிலத்தடி அழுத்தத்தில் பிட்டுமெனுக்குள் கரைந்திருந்த வாயு, அழுத்தம் விலகியதும் குமிழிடுகிறது. அந்தக் கெட்டித் திரவத்திலிருந்து குமிழி எளிதில் வெளியேற முடியாது. ஆகவே கோரே உப்புகிறது. நிலத்துக்குள் 33% நுண்துளைமை கொண்ட மணல் ஆய்வக மேசையில் 40% காட்டும். எடைகள் மாறவில்லை, கன அளவு மாறிவிட்டது. உப்பிய கன அளவை அப்படியே நம்பினால் புதிதாக முளைத்த வெற்றிடம் வாயுவின் கணக்கில் ஏறி, எண்ணெய்ச் செறிவு குறைந்துபோகும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் கன அளவை விட்டுவிட்டு எடைகளிலிருந்தே செறிவைக் கணக்கிடுகிறார்கள், நாம் மேலே செய்ததைப் போல.

ஆனால் எல்லாக் கிணற்றிலும் கோர் எடுக்க முடியாது, செலவு தாங்காது. பெரும்பாலான கிணறுகளில் கேபிளில் கருவிகளைத் தொங்கவிட்டு, மேலே இழுத்துக்கொண்டே அளக்கும் லாக் பதிவுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இதன் முதல் மின்பதிவு நடந்தது 1927 செப்டம்பர் 5 அன்று, பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில், பெஷல்ப்ரான் என்ற எண்ணெய் வயலில். கொன்ராட், மார்செல் ஷ்லும்பெர்ஷே சகோதரர்களின் கம்பெனிக்காக ஆன்ரி டால் நடத்திய சோதனை அது. பெஷல்ப்ரானும் எண்ணெய் மணலைச் சுரங்கம் வெட்டி எடுத்த ஊர்தான் என்பது ஒரு சுவையான தற்செயல்.

மின்பதிவின் அடிப்படை எளிது. குவார்ட்ஸ் மின்சாரம் கடத்தாது, எண்ணெயும் கடத்தாது. உப்புக் கலந்த தண்ணீர் கடத்தும். ஆக, பாறையின் மின்தடை எண் கூடுதலாக இருந்தால் அங்கே தண்ணீர் குறைவு. தண்ணீர் குறைவென்றால் எண்ணெய் அதிகமாக இருக்கலாம். இந்த ‘இருக்கலாம்’ என்பதை எண்ணாக மாற்றியவர் ஷெல் கம்பெனியில் வேலை பார்த்த கஸ் ஆர்ச்சி. 1942இல் அச்சான அவருடைய சூத்திரத்தை இப்படிச் சொல்லலாம்: நீர்ச் செறிவின் வர்க்கம் என்பது, துளையிலுள்ள நீரின் மின்தடை எண்ணை, நுண்துளைமையின் வர்க்கத்தையும் பாறையின் மின்தடை எண்ணையும் பெருக்கி வருவதால் வகுத்தது. ‘வர்க்கம்’ என்ற இரண்டும் இயற்கை விதி அல்ல. மணற்கல் மாதிரிகளை அளந்து, புள்ளிகளைக் குறித்து, அவற்றின் ஊடே கோடு இழுத்ததில் கிடைத்த அடுக்கெண்கள். ஆர்ச்சியே ஒட்டாத உதிரி மணலுக்கு நுண்துளைமையின் அடுக்கு 1.3 வரை இறங்கும் என்று எழுதியிருக்கிறார். மக்மரே மணல் உதிரி மணல்! ஆனாலும் 2 என்ற எண்ணைப் பழக்கத்தில் போட்டுவிட்டு நகர்பவர்கள் இன்றும் உண்டு.

சூத்திரத்துக்குள் போகும் மூன்று அளவுகளில் நுண்துளைமை இங்கே சுலபம். காமா கதிரை அனுப்பிப் பாறையின் அடர்த்தியை அளக்கும் லாக் உண்டு. பிட்டுமெனும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால், துளைக்குள் இருப்பது எது என்று கவலைப்படாமலே நுண்துளைமையைக் கணக்கிட்டுவிடலாம். பாறையின் அடர்த்தி 2.10 என்றால் நுண்துளைமை 33%. லேசான எண்ணெய் வயல்களில் இந்தச் சௌகரியம் இப்படிக் கிடைப்பதில்லை. ஆனால் இதே ஒற்றுமைதான் நம் கையையும் கட்டிப்போடுகிறது: அடர்த்தி லாக்கால் எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஹைட்ரஜனை எண்ணும் நியூட்ரான் லாக்கும் அப்படியே. எண்ணெய், தண்ணீர் இரண்டிலும் ஹைட்ரஜன் கிட்டத்தட்ட ஒரே அளவு. மின்தடை ஒன்றுதான் மிச்சம். அதற்கோ தண்ணீரின் உப்பு தெரிய வேண்டும்.

அந்தத் தண்ணீர் அத்தாபாஸ்காவில் ஒரே தண்ணீராக இல்லை. ஒரு லிட்டரில் சில நூறு மில்லிகிராம் உப்பு உள்ள நன்னீரும் அங்கே உண்டு, இரண்டு லட்சம் மில்லிகிராமைத் தாண்டிய கொடும் உப்புநீரும் உண்டு. கடல்நீரில் 35,000. பனியுகத்துப் பனிப்பாறைகளின் உருகுநீரும் அதற்குப் பிந்திய மழைநீரும் ஒரு பக்கம் உள்ளே இறங்கியிருக்கின்றன. அடியிலுள்ள டெவோனியன் கால உப்புப் பாளங்களைக் கரைத்த நீர் இன்னொரு பக்கம் மேலே ஏறியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில்கூட நீரின் உப்பு மாறலாம்.

அதன் விளைவு என்ன என்று எண்களிலேயே பார்ப்போம். நுண்துளைமை 33%, லாக் காட்டும் மின்தடை எண் 50 ஓம்-மீட்டர், அடுக்குகள் இரண்டும் 2. நீரின் மின்தடை எண் 0.5 என்றால் எண்ணெய்ச் செறிவு 70%. அதையே 1 என்று எடுத்தால் 57%. நீர் இன்னும் நல்ல நீராகி 2 என்றால் 39%. லாக் ஒன்று, மணல் ஒன்று. மாறியது தண்ணீரைப் பற்றிய நம் நம்பிக்கை மட்டும். முதல் விடையில் அது வளமான மணல், மூன்றாவது விடையில் வெட்டத் தகுதியற்ற மணல். உதிரி மணல் என்பதற்காக நுண்துளைமையின் அடுக்கை 2இலிருந்து 1.6க்கு இறக்கினால், அந்த நடுவிடையான 57% உடனே 66% ஆகிவிடும்.

இதைப் படித்துவிட்டு ஆர்ச்சியைத் தூக்கி எறிய வேண்டாம். மின்தடை 500 ஓம்-மீட்டர் காட்டும் கொழுத்த மணலில் இதே பிழை என்ன செய்கிறது என்று பாருங்கள். நீரின் மின்தடை 0.5 என்றால் செறிவு 90%, இரட்டிப்பாக்கினாலும் 86%. நான்கு புள்ளிதான் ஆடுகிறது. அங்கே தண்ணீரே சொற்பம் என்பதால் அதைப் பற்றிய அறியாமையும் சொற்பமாகவே பாதிக்கிறது. இடைத்தரமான, மெலிந்த மணலில்தான் விடை தாறுமாறாக அலைகிறது. எடுப்பதா விடுவதா என்ற விவாதம் நடப்பதும் அதே மணலைப் பற்றித்தான். கழித்தல் முறையின் அடிப்படைக் கோளாறு இது. பதில் தேவைப்படாத இடத்தில் துல்லியமாகவும், தேவைப்படும் இடத்தில் தளர்வாகவும் பேசுகிறது.

நீரின் மாதிரியை எடுத்து அளந்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். எண்ணெய் நிறைந்த மணலில் அந்த நீர் ஓடிவராது. மணிகளைச் சுற்றியும் மணிகள் தொட்டுக்கொள்ளும் மூலைகளிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. டீன்-ஸ்டார்க் கருவி அதைக் கண்ணாடிக் குழாயில் கொண்டுவந்து நிறுத்துகிறது, ஆனால் காய்ச்சி வடித்த நீராக. உப்பெல்லாம் கூட்டிலுள்ள மணலோடு நின்றுவிடும். கோரை மையவிலக்குக் கருவியில் சுற்றியோ, அழுத்திப் பிழிந்தோ சில சொட்டுகள் பெறலாம். துளையிடும் சேற்றுநீர் அதில் கலந்துவிடாமல் காப்பது தனிப்பாடு. பொதுவாகச் செய்வது, அருகில் முழுக்கத் தண்ணீர் நிறைந்த மணல் அடுக்கு ஒன்றின் லாக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நீரின் மின்தடையைப் பெறுவது. அந்த நீரும் எண்ணெயோடு அகப்பட்ட நீரும் ஒன்றுதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மணியை ஒட்டிய இந்தத் தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். 1920களில் ஆல்பர்ட்டாவில் கார்ல் கிளார்க், வெந்நீரில் இந்த மணலைக் கலக்கி அலசினால் பிட்டுமென் பிரிந்து நுரையாக மிதக்கும் என்று செய்துகாட்டினார். 1967இல் தொடங்கிய கிரேட் கனேடியன் ஆயில் சாண்ட்ஸ் சுரங்கமும் 1978இல் வந்த சின்குரூடும் அந்த அலசலின் மேல்தான் நின்றன. பிட்டுமென் நேராகக் குவார்ட்ஸ் மணியில் அப்பியிருந்தால் இத்தனை சுளுவாகக் கழன்றிருக்காது. நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால்தான் கழல்கிறது என்பது நெடுநாளைய விளக்கம். அந்தப் படலத்தை நேரில் பார்த்து உறுதிசெய்வது கடினம். அது எல்லா இடத்திலும் முழுமையாக இருக்கிறதா என்ற வாதம் தீரவில்லை. ஆர்ச்சியின் சூத்திரத்துக்கும் இதில் பங்கு உண்டு. மணிகளைத் தொடர்ச்சியாக நனைத்த நீர் இருக்கும்வரைதான் மின்சாரத்துக்குப் பாதை இருக்கும், நீர்ச் செறிவின் அடுக்கெண் 2 என்பதும் செல்லும். எண்ணெய் நனைத்த பாறையில் நீர் தனித்தனித் திட்டுகளாகி மின்பாதை அறுந்துவிடும். அப்போது அடுக்கெண் 2ஐ விட வெகுவாக ஏறும். ஏறியது தெரியாமல் 2 என்றே போட்டவர் இல்லாத எண்ணெயை எழுதிவைப்பார்.

களிமண் செய்வது இதற்கு நேர்மாறு. களிமண் கனிமங்களின் பரப்பில் ஒட்டியுள்ள அயனிகள் தாமே மின்சாரத்தைக் கடத்தும். நன்னீர் உள்ள இடத்தில் களிமண்ணின் இந்தக் கடத்தல், நீரின் கடத்தலைவிட மேலோங்கிவிடலாம். லாக்கில் மின்தடை இறங்கும். கணக்கில் தண்ணீர் ஏறும். இருக்கிற எண்ணெய் இல்லாததாகிவிடும். ஷெல்லைச் சேர்ந்த வாக்ஸ்மன், ஸ்மிட்ஸ் இருவரும் 1968இல் இதற்குத் திருத்தச் சூத்திரம் கொடுத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் வேறு சில சூத்திரங்களும் வந்தன. எல்லாவற்றுக்கும் களிமண் எவ்வளவு, என்ன வகை என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது கோர் விடையோடு ஒத்துப்போகும்வரை ஓர் எண்ணை முறுக்கிச் சரிசெய்கிறார்கள். அறிவியல் என்பதை விடச் சமரசம் என்பதே இதற்குப் பொருத்தம். ஆனால் வேலை நடக்கிறது.

களிமண் மணலோடு கலந்திருக்காமல் தனித்தனிப் படலங்களாக இருந்தால் இன்னும் மோசம். மக்மரே படிவத்தின் மேற்பகுதியில், பழைய ஆற்று வளைவுகளின் சரிவில் மணலும் சேறும் சில சென்டிமீட்டர் கனத்தில் மாறி மாறிப் படிந்திருக்கின்றன. மின்தடை லாக் கருவி ஒரே நேரத்தில் பார்ப்பது அதைவிடப் பல மடங்கு தடிமனான பாறையை. பாதிக்குப் பாதி மணலும் சேறும் என்று கொள்வோம்; மணலின் மின்தடை 100, சேற்றின் மின்தடை 5. படலங்களுக்கு இணையாக மின்சாரம் ஓடும்போது சேறு வழியாகவே பெரும்பகுதி போய்விடும், கருவி காட்டுவது 9.5 மட்டுமே. அந்த எண்ணை ஆர்ச்சியிடம் கொடுத்தால் இங்கே ஒன்றுமில்லை என்பார். கோரைத் திறந்தால் கறுப்பு மணல் பளபளக்கும். படலங்களுக்குக் குறுக்காக அளந்திருந்தால் 52.5 காட்டியிருக்கும். இரண்டு திசையிலும் அளக்கும் கருவிகள் வந்த பிறகுதான் இந்த ஏமாற்று கொஞ்சம் அடங்கியது.

மின்தடையை விட்டு வெளியேறும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. என்று படுக்கவைக்கிறார்களே, அதே தத்துவம். காந்தப்புலத்தில் வரிசைப்பட்ட ஹைட்ரஜன் அணுக்கருக்களை ஒரு ரேடியோத் துடிப்பால் தட்டிவிட்டு, அவற்றின் எதிரொலி எத்தனை வேகமாக அடங்குகிறது என்று கேட்பது. தாராளமாக நகரும் நீரில் எதிரொலி நீடிக்கும். பிட்டுமென் போன்ற கெட்டித் திரவத்தில் ஒரு மில்லி விநாடிக்குள்ளேயே செத்துவிடும். கருவி காதைத் தீட்டுவதற்குள் பெரும்பகுதி முடிந்துபோகும். எனவே இந்தக் கருவிக்குப் பிட்டுமென் இருப்பதே தெரியாது, தண்ணீர் மட்டும்தான் கேட்கும். அடர்த்தி லாக்கோ இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது பிட்டுமென்! உப்பு எவ்வளவு என்று கேட்கத் தேவையில்லை. கருவியின் செவிட்டுத்தன்மையையே அளவீடாக மாற்றிய புத்திசாலித்தனம் இது. குறை என்னவென்றால், களிமண்ணில் இறுகிய நீரும் ஏறக்குறைய அதே வேகத்தில் அடங்குவதால், சேற்றுப் பகுதியில் இரண்டும் குழம்பும்.

மின்காப்பு மாறிலியை அளக்கும் லாக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். தண்ணீருக்கு அந்த மாறிலி 80 அளவில்; எண்ணெய்க்கு 2 சொச்சம், குவார்ட்ஸுக்கு 4 முதல் 5. வித்தியாசம் அத்தனை பெரிது என்பதால் நன்னீரானாலும் உப்புநீரானாலும் நீர் அடையாளம் காட்டிவிடும். கிணற்றுச் சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் இது பார்க்கும். சாதாரண எண்ணெய் வயலில் அது பெருங்குறை, ஏனென்றால் சுவரோரத்து எண்ணெயைத் துளையிடும் திரவம் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இங்கே பிட்டுமென் அசையாது. சுவரோரம் இருப்பதுதான் உள்ளேயும் இருக்கும். பிட்டுமென் போன்ற கன எண்ணெய் நமக்குச் செய்யும் அபூர்வமான உதவிகளில் இது ஒன்று.

இத்தனை பாடும் எதற்கு என்று நீராவிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். வெட்டி எடுக்க முடியாத ஆழத்தில் ராஜர் பட்லர் வகுத்த முறைதான் பெரிதும் நடக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கிடைக் கிணறுகள். மேல் கிணற்றில் நீராவி, இளகிய எண்ணெய் கீழ்க் கிணற்றுக்கு வடியும். 1987இல் ஃபோர்ட் மக்மரேக்கு அருகே பூமிக்கடியில் சுரங்கப்பாதை அமைத்து இதைச் சோதித்தார்கள். நீராவி மணலைச் சூடாக்கும்போது அதில் எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. மணலையும் நீரையும் சேர்த்தே சூடாக்கியாக வேண்டும். தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறன் பிட்டுமெனைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் மெலிந்த மணல் கூடுதலாகவே எரிபொருளைத் தின்னும். நீராவி கடந்துபோன பின்னும் ஒரு பங்கு எண்ணெய் மணலில் தங்கிவிடும். அது 15 புள்ளி என்று வைத்தால், 80% செறிவுள்ள மணலிலிருந்து 65 புள்ளி கிடைக்கும். 50% மணலிலிருந்து 35தான். செறிவு எட்டில் ஐந்தாகக் குறைந்தால் விளைச்சல் பாதியை நெருங்கிவிடுகிறது. போதாததற்கு, இங்கே எண்ணெய் மேலே தண்ணீர் கீழே என்ற ஒழுங்கும் கிடையாது. இரண்டின் அடர்த்தியும் ஒன்றானதால் எண்ணெய்க்கு மேலேயே தண்ணீர் அடுக்கு உட்கார்ந்திருக்கும். நீராவி அதைத் தொட்டால் வெப்பம் அங்கே திருட்டுப்போகும். கிணற்றுச் சோடியை எந்த மட்டத்தில் போடுவது என்பதைச் செறிவு வரைபடம்தான் தீர்மானிக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கணக்கு நடக்கிறது. குஜராத்தின் மெஹ்சானா பகுதியில் பலோல், சாந்தல் வயல்களில் ஓ.என்.ஜி.சி. கன எண்ணெயை எடுக்க நிலத்துக்குள்ளேயே ஒரு பகுதியை எரிக்கிறது. காற்றைச் செலுத்தி, உள்ளே தீ நகர நகர, முன்னே உள்ள எண்ணெய் சூடாகித் தள்ளப்படும். தீக்கு இரையாகும் எண்ணெய், ஒரு கன மீட்டர் பாறைக்கு இவ்வளவு என்று பெரிதும் மாறாத அளவு. செறிவு போதிய அளவு இல்லாத மணலில் தீ தின்றதுபோக மேலே வர மிச்சம் இருக்காது.

ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணலில் மொத்தம் 1.8 லட்சம் கோடி பீப்பாய் பிட்டுமென் இருப்பதாகக் கணக்கு. சராசரிச் செறிவு 70% என்று ஒரு பேச்சுக்கு வைத்து, அதில் ஐந்து புள்ளி பிசகியிருந்தால் ஏறத்தாழ 12,900 கோடி பீப்பாய் கூடும் அல்லது குறையும். இந்தியா ஓராண்டில் செலவழிக்கும் எண்ணெய் 200 கோடி பீப்பாய் அளவு; அறுபது ஆண்டுச் செலவு அந்த ஐந்து புள்ளிக்குள் அடங்கிவிடும். புதிய மென்பொருள் வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையாவது நல்ல கோருக்கும், சேற்றுநீர் கலக்காத ஒரு குப்பி நிலத்தடி நீருக்கும் ஒதுக்குவதே மேல் என்பது என் கட்சி. அடுத்தமுறை ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் கன எண்ணெய் இருப்பு என்று பெரிய எண் ஒன்றைப் பார்க்கும்போது, நீரின் மின்தடைக்கு அவர்கள் எந்த எண்ணைப் போட்டார்கள், அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள்.